ஜன்னல் விளிம்பில் இரண்டு விரல்

டயாலிசிஸ் வார்டில் அவருக்குத் தராசுக்காரர் என்று பெயர். முப்பது வருஷம் கடை கடையாக ஏறித் தராசு சோதித்து முத்திரை குத்திய ஆய்வாளர். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவனெல்லாம் அவரைக் கண்டால் நடுங்குவானாம். சொன்னது அவரேதான். மறுத்துப் பேசக் கடைக்காரர் யாரும் எங்கள் வார்டில் இல்லை.

வாரம் மூன்று நாள் நாங்கள் ஏழு பேர் அங்கே படுப்போம். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்குக் குடித்த தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். மெஷின்தான் எடுக்க வேண்டும். படுக்குமுன் ஒரு தடவை, எழுந்தபின் ஒரு தடவை எடை பார்ப்பார்கள். இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் சிஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்: "தண்ணி குடிச்சீங்களா, குளத்தையே குடிச்சீங்களா?" குறைவாக இருந்தால் "சமத்து!" அறுபது வயதில் அந்தப் பட்டத்துக்கு யார்தான் ஏங்க மாட்டார்கள்?

தராசுக்காரர் வழி கண்டுபிடித்தார். எடை மெஷினில் ஏறி, தலை சுற்றுவதுபோல் ஜன்னல் விளிம்பில் இரண்டு விரலை ஊன்றினால் இரண்டு கிலோ காணாமல் போகும். ஊருக்குத்தானே உபதேசம்! பெரிய மனசு, வித்தையை எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். வார்டே சமத்தாகிவிட்டது. பெரிய டாக்டர் சிஸ்டரைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

போகப்போக அவருக்கு இரண்டு விரல் போதவில்லை, உள்ளங்கையே தேவைப்பட்டது. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டியதால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். "வயசாச்சுல்ல" என்றார். அவர் மனைவி நம்பவில்லை. ஒரு நாள் காலை பின்னாலேயே வந்தவர், அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

எண் ஐந்து கிலோ தாவியது.

"மெஷின்ல கோளாறு" என்றார் தராசுக்காரர், மூச்சு வாங்க.

"கோளாறு உங்ககிட்டதான். நீங்க பாட்டுக்குப் போயிட்டா நான் யார்கிட்ட சண்டை போடுறது?" அந்த அம்மா அழுதுவிட்டார்.

சிஸ்டர் முகம் வெளிறியது. "ஐயா, இந்த நம்பரை வச்சுத்தானே எவ்வளவு தண்ணி எடுக்கணும்னு பாக்குறேன்! நீங்க மறைச்சதெல்லாம் உள்ளேயே நின்னுடுச்சு. இப்ப நுரையீரல் வரைக்கும் ஏறியிருக்கு."

அவர் திருதிருவென்று விழித்தார். "அதுக்கா எடை பாக்குறீங்க? எங்களுக்கு மார்க் போடத்தான்னு நினைச்சேன். ரெண்டு வருஷமா திட்டுனீங்களேம்மா, ஒரு நாள் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

எனக்குச் சிஸ்டர் மேலும் அவர் மேலும் கோபம் வந்தது. இத்தனை நாள் வாயைத் திறந்து கேட்காத என் மேல் அதைவிட அதிகம். ஐந்து கிலோவையும் ஒரே நாளில் எடுத்தால் இதயம் தாங்காதாம். மீதியை எடுக்க மறுநாளும் வரச் சொல்லி, டாக்டரைக் கூப்பிட்டு, அவரைச் சாய்த்து உட்காரவைத்து மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள்.

வரிசையில் அடுத்தது நான். ஏறி, இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டேன். எண் ஏறி நின்றது. சிஸ்டர் பார்த்தார், திட்டவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ஐந்து பேரும் கைகளைக் கட்டிக்கொண்டார்கள்.