இடுப்புக்கு மேலே தெரிந்த படம்

சுனாமி வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். எஹலியகொடைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் நான் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். மழை பெய்த மறுநாள், பால் வாளியோடு சரிவில் இறங்கும்போது வழுக்கி, கல்லில் முதுகு அடிபட விழுந்தேன். அதோடு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஒப்பரேஷனுக்குப் பிறகு கொழும்புப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போட்டார்கள்.

வார்டில் எல்லாரும் பேசியது சிங்களம்; எனக்கும் அது நன்றாகத் தெரியும், பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் சாயங்காலம் மற்றவர்களின் கட்டிலைச் சுற்றிப் பார்க்க வந்த ஆட்கள் நிற்பார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். என் வீட்டுக்காரர் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு வருவார்.

பிடிமானம் இல்லாமல் உட்கார வைத்தால் மூட்டை மாதிரிச் சரிந்துவிடுவேன். அதற்காகப் பயிற்சி தரும் ஒரு வெள்ளைக்கார மிஸ் டிவி ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் மேலே என்னைப் படம் பிடிக்கும் கேமரா. டிவியில் நான் ஒரு கடற்கரையில் இருப்பேன்; பந்துகள் பறந்து வரும்; சாய்ந்து எட்டி அவற்றைத் தட்ட வேண்டும். வர்ச்சுவல் ரியாலிட்டி என்றார். படத்தில் இடுப்புக்கு மேலேதான் தெரிவேன். ஒரு பந்து கையில் பட்டதும் சிரித்துவிட்டேன்.

ஒரு ஞாயிறு என் வீட்டுக்காரரையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்கள். டிவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாங்க அங்க பயந்துகிட்டு கெடக்கோம். நீ நல்லாத்தானே இருக்க," என்றார்.

"அது டிவியில தெரியிறதுங்க. காலு அப்படியேதான் இருக்கு."

தலையாட்டிவிட்டு பிஸ்கட் பக்கட்டைக் கட்டிலில் வைத்தார். அதன்பிறகு அவர் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று ஒரு தடவை வார்டுக்குப் போன் வந்தது.

காலும் தெரிகிற மாதிரி கேமராவை இறக்கச் சொல்லி மிஸ்ஸிடம் கேட்டேன். இறக்கினார். பந்துகள் பறந்தன, மணலில் என் இரண்டு கால்களும் அசையாமல் இருந்தன. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு பழையபடி ஏற்றச் சொல்லிவிட்டுப் பந்தைத் தட்டினேன். யாருக்கும் காட்டுவதற்காக இல்லை. சாயாமல் உட்கார வேண்டியிருந்தது.

நான்கு மாதத்தில் உட்கார்ந்தேன். வேனில் தோட்டத்து லய வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டபோது மாமியார்தான் கதவைத் திறந்தார். தன் மகன் கொழும்பில் கடை வேலைக்குப் போய் மூன்று மாதமாகிறது என்றார். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே என் வீட்டுக்காரர் அதற்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறார்.

"அவன் ஒங்கிட்ட சொல்லலியாம்மா?" என்று மாமியார் கேட்டார்.

சொன்னார் என்றேன்.