வலிக்கு மூன்று புள்ளி

இந்த நாட்டில் வலிக்குப் புள்ளி போட வேண்டும். பல்லைக் காட்டப் போனாலும் சுளுக்கைக் காட்டப் போனாலும், பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்பார்கள். இலங்கையில், எங்கள் கல்முனையில் டொக்டர் "நோகுதா?" என்பார், நாங்கள் "ஓம்" என்போம். அத்தோடு கதை முடிந்தது.

லண்டனில் எனக்கு முதல் பிள்ளைக்கு வலி கண்டபோது, பிள்ளைப்பேறு பார்க்கும் மிட்வைஃப் ஹெலன் சாப்பாட்டுக் கடைக்காரர் போல என்னென்ன இருக்கிறது என்று சொன்னாள். முதுகுத்தண்டில் மோர்ஃபின் இனத்து மருந்தை ஒரே ஊசியாகப் போடலாம். சட்டென்று கேட்கும், ஆனால் உடம்பு அரிக்கும், சில மணித்தியாலத்தில் விட்டுவிடும். எபிடியூரல் என்றால் முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்தை விட்டுக்கொண்டே இருப்பார்கள்; கேட்கக் கொஞ்சம் சுணங்கும், கால் மரத்துப்போகலாம். இரண்டையும் சேர்த்தும் போடலாமாம். எனக்கு அந்தச் சேர்த்த சாமானில்தான் ஆசை விழுந்தது. ஊரில் பிள்ளை பெற்ற என் மூத்தவள் ராத்தாவுக்குக் கிடைத்த ஒரே மருந்து, "கொஞ்சம் பொறு புள்ள" என்பதுதான்.

ஆனால் உம்மா கல்முனையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஏற்கனவே தடையுத்தரவு போட்டிருந்தார். "முள்ளந்தண்டில ஊசி போட்டா மவுத்தாகு மட்டும் நாரி நோகும் மகள். நான் நாலு பெத்த, ஒரு ஊசி போடல்ல." சாகும்வரை நோகும் என்று பயமுறுத்திய அந்த இடுப்பு, உம்மாவுக்கு ஊசி போடாமலேயே இன்றுவரை நோகிறது.

தடையை மீறுவதென்று முடிவெடுத்தேன். அப்போதுதான் ஹெலன் புள்ளி கேட்டாள். எங்கள் பக்கம் பிள்ளை பெறுகிறவள் சத்தம் போடுவது வெட்கக்கேடு. வெளியே ஆம்பிளைகள் நிற்பார்கள்; பல்லைக் கடித்துக்கொண்டு அல்லாஹ்வின் பேரைச் சொல்லி திக்ர் ஓத வேண்டும். யார் சுகம் கேட்டாலும், இறைவனுக்கே புகழ் என்று அல்ஹம்துலில்லாஹ்தான். நானும் இடுப்பு பிளக்கிற நேரத்தில் சிரித்த முகத்தோடு "மூன்று" என்றேன்.

"அருமையாகச் சமாளிக்கிறாய்" என்றாள் ஹெலன். பக்கத்து அறையில் ஒருத்தி கூரை பெயரக் கத்திக்கொண்டிருந்தாள். ஊசி போடும் டொக்டர் அங்கே போனார். என் ஊசி என் கண்முன்னாலேயே நடந்து போனது. அடுத்த முறை கேட்டபோது முழுத் துணிச்சலையும் திரட்டி "நான்கு" என்றேன். "அவள் நல்ல பொறுமைசாலி" என்று பெருமையடித்தார் என் கணவர் நிஸாம். எட்டியிருந்தால் கடித்திருப்பேன்.

அந்த நேரம் பார்த்து உம்மா அழைத்தார். பேச எனக்கு மூச்சில்லை. நிஸாம் ஸ்பீக்கரில் போட்டார்.

"புள்ள சத்தம் போடுறாளா மகன்?"

"இல்ல மாமி, ஒரு சத்தமும் இல்ல."

உம்மாவின் குரல் உடைந்தது. "அப்ப அவளுக்கு உசிர் போகுது. நானும் அப்பிடித்தான் கிடந்த. நல்லாப் பொறுக்கிறாள் எண்டு ஒருத்தரும் திரும்பிப் பாக்கல்ல. ஊசியப் போடச் சொல்லுங்க மகன்."

நிஸாம் ஓடிப்போய்ச் சொன்னார். ஹெலன் புரியாமல் நின்றாள். "நான்கு என்றுதானே சொன்னாள்?"

"எங்கள் ஊர்ப் பெண் சொன்னால், அதோடு ஆறைக் கூட்டிக்கொள்ளுங்கள்" என்றார் நிஸாம்.

டொக்டர் வந்தார். சேர்த்த சாமான் ஏறியது. வலி இறங்க இறங்க நான் வெட்கமில்லாமல் அழுதேன். மூக்கு அரித்தது; சொறிந்துகொண்டே அழுதேன். இன்னும் போனில் இருந்த உம்மா, அது யாரோ கண் வைத்த கண்ணூறு என்றார்.

மகள் பிறந்து வார்டே அதிரக் கத்தினாள். என்னையறியாமல் "உஷ்" என்றேன்.

"கத்தட்டும் விடு. ஆரும் வாயப் பொத்த வேணாம்" என்றார் போனிலிருந்து உம்மா.

ஹெலன் இப்போது வலி எவ்வளவு என்றாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றது என் மேல்பாதி. மரத்துப்போன கீழ்ப்பாதிக்கோ, எந்த நாட்டில் கிடக்கிறோம் என்றே தெரியவில்லை.