பிரபாவதி வாய் திறக்காத வாரங்கள்

தீபாவளி வெடிச் சத்தம் கேட்டாலே பிரபாவதிக்கு உடம்பு நடுங்கும். ஈரோட்டில் இருந்தவரை அன்றைக்குக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சமையலறையை விட்டு வரமாட்டார். அப்படிப்பட்டவர் அரபு அமீரகத்தின் புஜைராவில் துப்பாக்கி விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது கணவர் மணிமாறனுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மகள் சுஷ்மிதா படிப்புக்காகக் கோவைக்குப் போனபின் வீட்டில் பேச ஆளில்லை. எண்ணெய்க் கிடங்கில் பாதுகாப்பு அதிகாரியான மணிமாறன், டியூட்டி முடிந்து வந்தால் செய்தி பார்த்தபடியே தூங்கிவிடுவார். கூடாரமும் முகாம் அடுப்பும் வேட்டைத் துப்பாக்கியும் விற்கும் அந்தக் கடையில், பெண் வாடிக்கையாளர்களிடம் பேச ஒரு பெண் வேண்டும் என்றார்கள். பேசுவதுதான் வேலை என்றதும் பிரபாவதி வேறெதுவும் கேட்கவில்லை.

துப்பாக்கியை எடுத்துக் காட்டுவது உடன் வேலைபார்க்கும் அன்பரசனின் பொறுப்பு. பணம் கட்டியவர்களைக் காத்திருக்கச் சொல்வது பிரபாவதியின் பொறுப்பு. யார் பெயரில் வாங்குகிறார்களோ அவரே போலீசில் விண்ணப்பித்து, மருத்துவப் பரிசோதனை முடித்து, அனுமதி வாங்கவேண்டும். அதுவரை துப்பாக்கி கடையின் இரும்பு அறையை விட்டு நகராது. “இன்னுமா வரல?” என்று கொதித்துக்கொண்டு வருபவர்களை உட்காரவைத்து, டீ கொடுத்து, அவர்களுடைய ஆடு, பேரப்பிள்ளை, முழங்கால் வலி வரைக்கும் விசாரிப்பார். போகும்போது அவர்கள் கோபத்தை மறந்திருப்பார்கள்.

ஒரு அக்டோபரில் ஆலியா என்ற உள்ளூர்ப் பெண் வந்தாள். வங்கியில் வேலை. டிசம்பரில் கல்யாணம், பிறகு தொலைவிலிருக்கும் அல்ஐன் நகரத்தில் குடித்தனம். வீட்டை விட்டுப் போவதற்குமுன் அப்பா முபாரக்குக்கு ஒரு வேட்டைத் துப்பாக்கி பரிசளிக்க ஆசை. அம்மா இறந்தபின் தனியாக அவளை வளர்த்தவர் அவர். இருந்த பழைய துப்பாக்கியையும் அவள் படிப்புச் செலவுக்காக எப்போதோ விற்றுவிட்டாராம்.

“அவருக்குத் தெரியவே கூடாது ஆன்ட்டி. திடீர்னு கையில குடுக்கணும்” என்றாள் ஆங்கிலத்தில்.

பிரபாவதி விதியைச் சொன்னார். அப்பாவே போய் விண்ணப்பிக்கவேண்டும் என்றதும் ஆலியாவின் முகம் தொங்கிப்போயிற்று. ஆனாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தனக்காக எடுத்துவைக்கச் சொன்னாள். “அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டு வரேன்.”

இரண்டாம் நாள் முபாரக்கே வந்து நின்றார். துறைமுகத்தில் இந்தியர்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தி சரளமாக வந்தது.

“என் மகள் காரில் இந்தக் கடையின் விலைப்புத்தகம் கிடந்தது. ஒரு பக்கத்தை மடித்துவைத்திருக்கிறாள். அவளுக்குத் துப்பாக்கி எதற்கு? எனக்குத்தானே?”

பிரபாவதி பேந்தப் பேந்த விழித்தார். அதுவே முபாரக்குக்குப் பதிலாகிவிட்டது.

“நான் இன்றைக்கே அனுமதி கேட்டு எழுதிப்போடுகிறேன். ஆனால் சகோதரி, எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லிவிடாதே. பாவம், ஆசையாக இருக்கிறாள்.”

“சொல்லமாட்டேன் பாபா” என்றார் பிரபாவதி. வாக்குக் கொடுத்தபிறகுதான் தன்னைப் பற்றிய பயம் வந்தது. அவர் காதில் விழுந்த எதுவும் அன்று மாலைக்குள் அவர்கள் குடியிருக்கும் கட்டடம் முழுக்கப் பரவிவிடும்.

அதன்பிறகு மகள் போன் செய்வாள்: “இன்னும் சொல்ல தைரியம் வரல ஆன்ட்டி.” அப்பா நேரில் வருவார்: “ரத்த அழுத்தம் கூடுதலாம், மறுபடி வரச் சொல்லிவிட்டார்கள்.” இரண்டு பேருக்கும் நடுவில் பிரபாவதி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். உப்பையும் சர்க்கரையையும் குறைக்கச் சொல்லி முபாரக்குக்கு வீட்டிலிருந்து கொள்ளுரசம்கூட கொண்டுவந்து கொடுத்தார். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார்.

வீட்டில் மணிமாறன் பயந்துபோனார். “ஏம்புள்ள, ரெண்டு வாரமா பேச்சே காணோம்? டாக்டர்கிட்ட போலாமா?”

“ஒண்ணுமில்லீங்க. சாப்பிடுங்க.”

கல்யாணம் நெருங்கியது. ஆலியா போனில் அழுதாள். “இன்னைக்கு அப்பாகிட்ட சொல்லிடறேன். இனி அனுமதி வர்றதுக்குள்ள நான் கிளம்பியே போயிருப்பேன்.”

பிரபாவதிக்கு உண்மை வாய்வரை வந்துவிட்டது. “நாலு நாள் பொறும்மா. ஆன்ட்டிக்காக” என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தார். மறுபரிசோதனையில் தேறியிருந்த முபாரக்குக்கு மறுநாளே அனுமதி வந்தது. அவர் சொன்ன உடனே பிரபாவதி ஆலியாவை அழைத்தார்: “அப்பாவை ஏதாவது சாக்குச் சொல்லிக் கூட்டிட்டு வா.”

கூடாரம் வாங்கப்போகிறோம் என்று ஆலியா கூட்டிவந்தாள். முபாரக் ஒன்றும் அறியாதவர்போல் நாலு கூடாரத்தைத் தட்டிப் பார்த்தார். அன்பரசன் துப்பாக்கிப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் திறந்தார்.

“இது உங்களுக்குத்தான் அப்பா. ஆனா அனுமதிக்கு நீங்களே எழுதிப்போடணும், நாளாகும்...” என்று ஆலியா தயங்கினாள்.

முபாரக் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அனுமதியைக் காட்டினார். ஆலியா அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு பிரபாவதி பக்கம் திரும்பினாள்.

“ஆன்ட்டி! உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்டி, தெரியும்! எத்தனை நாளா!” பிரபாவதிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இத்தனை நாள் அடக்கிவைத்ததையெல்லாம் தமிழும் இந்தியும் ஆங்கிலமுமாகக் கொட்டினார். அப்பாவும் மகளும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். கல்யாணத்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்றார்கள். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனார் பிரபாவதி. பெண்கள் கூடியிருந்த மண்டபத்தில் ஆலியா அவரைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டாள்.

ஜனவரியில் முபாரக் தனியாகக் கடைக்கு வந்தார். துப்பாக்கி துடைக்கும் எண்ணெய் வேண்டும் என்றார்.

“வேட்டைக்குப் போனீங்களா பாபா?”

“இல்லை. தினமும் துடைத்து வைக்கிறேன், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஆலியா மாப்பிள்ளையோடு வருகிறாள். அவள் வந்த பிறகுதான் போகவேண்டும்.”

பிரபாவதி அவருக்கு டீ ஊற்றினார், சர்க்கரையைக் குறைத்து.