வருசப்பிறப்புக்குக் கட்டிய வாழைகள்

மனைவியும் மகளும் மெல்பேர்னுக்குப் போன பிறகு வந்த முதல் சித்திரைப் புத்தாண்டு அது. மனைவிக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. எனக்குப் பென்ஷன் எடுக்க இன்னும் கொஞ்சக் காலம் இருந்ததால் நான் கொழும்பில், வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

புத்தாண்டுக்குச் சில நாட்கள் முன்னர் ஐந்தாம் மாடி டொக்டர் அம்மா வந்து மணி அடித்தார். ஓய்வு பெற்றவர், எங்கள் கட்டடக் குழுவின் தலைவி.

"தம்பி, இந்தமுறை லொபிச் சோடினையை நீங்கள் பாருங்கோவன். எல்லாரும் ஊருக்குப் போகினம். நீங்கள் எங்கயும் போகேல்லத்தானே?"

நோகடிக்கச் சொன்னதல்ல. எனக்குத்தான் அந்தக் கடைசிக் கேள்வி கொஞ்ச நேரம் காதில் நின்றது. ஓம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் இதெல்லாம் மனைவியின் வேலை. தோரணம் கட்டுவதும் கோலம் போடுவதும் அவள்தான். அவள் கதிரையில் ஏறும்போது கதிரை ஆடாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் இத்தனை வருடமும் என் பங்கு.

புத்தாண்டுக்கு முதல் நாள் காலையில் சந்தைக்குப் போனேன். மாவிலை, குருத்தோலைத் தோரணம், செவ்வந்திப்பூ எல்லாம் பையில் அடங்கின. குட்டி வாழை இரண்டும்தான் அடங்கவில்லை. பல ஓட்டோக்காரர் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் ஒருவர் ஏற்றினார், கிராண்ட்பாஸ் பக்கத்துக்காரர். இரண்டு வாழையையும் மடியில் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன். இரு பக்கமும் இலைகள் காலி வீதி வாகனங்களுக்குள் நீட்டிக்கொண்டிருந்தன.

"அண்ணே, கண்ணாடியில பச்சைதான் தெரியுது. நீங்க திரும்பிப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

"பஸ் வருது, நில்லுங்கோ. இப்ப எடுங்கோ."

வீடு வரைக்கும் அப்படியே கதைத்துக்கொண்டு வந்தோம். அந்த வாரத்தில் நான் ஒருவருடன் அவ்வளவு நேரம் கதைத்தது அப்போதுதான்.

லொபியில் வேலை தொடங்கினேன். வாசலில் வாழைகளைக் கட்டி, எனக்குத் தெரிந்த அளவில் அரிசிமாக் கோலமும் போட்டேன். நிறைகுடம் வைக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. மனைவிக்கு எடுத்தேன், போன் அடித்து அடித்து நின்றது. மகளை வீடியோவில் எடுத்தேன். ரயிலில் இருந்தாள்.

"அப்பா, மாவிலையை முதல்ல வையுங்கோ, பிறகு தேங்காய். குடுமி மேல பாக்க வேணும்."

"எத்தின இலை?"

"அம்மா அஞ்சு வைக்கிறவ. இன்னும் கொஞ்சம் விரிச்சு வையுங்கோ. ஆ, சரி. அப்பா, நான் இறங்கோணும், பிறகு எடுக்கிறன்."

நான் ஸ்டூலில் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோதெல்லாம் லிப்ட் திறந்து மூடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு குடும்பமாகப் பெட்டிகளோடு இறங்கினார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஒரு வீட்டார் சென்னை. எல்லோரும் நிமிர்ந்து பார்த்து "வடிவாயிருக்கு" என்றார்கள். ஒருவர் ஸ்டூலை இரவல் வாங்கிப் போய்க் காரின் கூரையில் பெட்டிகளை வைத்துக் கட்டினார். ஸ்டூல் திரும்பி வரும்வரை தோரணத்தின் ஒரு நுனியைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

டொக்டர் அம்மா கண்டியில் மகளிடம் போகப் புறப்பட்டார். "படம் எடுத்து குரூப்பில போடுங்கோ தம்பி. எல்லாரும் பாக்கட்டும்."

பின்னேரம் செக்யூரிட்டியும் கேற்றைப் பூட்டும் திறப்பை என்னிடம் தந்துவிட்டுக் குருநாகல் போய்விட்டார். பதிலுக்கு வர இருந்தவர் வரவில்லை. வாகனங்கள் நிற்கும் இடம் முழுவதும் எண்ணெய்க் கறைகள் மட்டும் கிடந்தன. படத்தைக் குரூப்பில் போட்டேன். பஸ்ஸிலும் ரயிலிலும் இருந்து இதயங்களும் கைகூப்பல்களும் வந்து குவிந்தன. லொபியில் நான் மட்டும் நின்று அவற்றை வாசித்தேன்.

மறுநாள் விடிந்ததும் புத்தாண்டில் தலைக்கு வைத்து முழுகக் கோயிலிலிருந்து கொண்டுவந்த மருத்துநீரை எடுத்தேன். வழமையாக மனைவி என் தலையில் வைப்பாள். நான் மகளின் தலையில் வைப்பேன். உள்ளங்கையில் ஊற்றி நானே தடவிக்கொண்டேன். நெற்றியால் வழிந்து கண்ணுக்குள் போய் எரிந்தது. முழுகி, வேட்டி கட்டி, பழைய அளவிலேயே பொங்கி இறக்கிவிட்டுக் கீழே போய்க் குத்துவிளக்கை ஏற்றினேன். யாராவது வருவார்கள் என்று ஒரு கதிரையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கோ பட்டாசு வெடித்தது. கரையோர ரயில்கூட அன்று குறைவு. கடல் இரைச்சல் லொபிக்குள் கேட்டது. அத்தனை வருடத்தில் அதை நான் அங்கே கேட்டதில்லை.

கேற்றை யாரோ தட்டினார்கள். இரண்டாம் மாடியில் அறை எடுத்திருக்கும் தாதிப் பிள்ளை. மலையகத்தில் ஹட்டன் பக்கம் வீடு. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வந்திருந்தாள், லீவு கிடைக்கவில்லையாம். வாசலில் வாழைகளைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டாள்.

"யாரு செஞ்சாங்க சேர்? நீங்களா?"

"ஓம்."

"எங்க அம்மாவுக்குக் காட்டணும்" என்று விளக்கையும் கோலத்தையும் படம் எடுத்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"பொங்கல் இருக்கு பிள்ளை, எடுத்துக்கொண்டு வரட்டோ?"

"பரவால்ல சேர், நிக்கவே முடியல. தூங்கணும்."

லிப்ட் மூடியது. கொஞ்ச நேரத்தில் காற்றுக்கு விளக்கும் நூர்ந்தது. மறுபடி ஏற்றினேன். பிறகு மேலே போய்ப் பொங்கலைப் போட்டுச் சாப்பிட்டேன். இனிப்பு கூடிப்போயிருந்தது. பானையில் முக்கால்வாசி அப்படியே கிடந்தது.

பிற்பகல் கதவு தட்டுப்பட்டது. அவள்தான், கையில் ஒரு வெறும் டப்பாவோடு.

"சேர், அந்தப் பொங்கல் இன்னும் இருக்கா? கடை ஒண்ணும் தொறக்கல."

பால் விட்டுச் சூடாக்கிக் கொடுத்தேன். உள்ளே வந்து சாப்பிடச் சொல்லலாம் என்று நினைத்து வாயைத் திறக்குமுன் அவளுடைய போன் அடித்தது. "அம்மாதான்" என்று சிரித்துக்கொண்டு டப்பாவை அணைத்தபடி படியில் இறங்கினாள். அவளுடைய பேச்சுச் சத்தம் ஒரு மாடி தூரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. ஆனாலும் பானையில் ஒருவர் எடுத்த குழி இருந்தது. அதைப் பார்க்க மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாயிருந்தது.

மனைவி வேலை முடிந்து வந்து எடுத்தாள். அங்கே இரவாகியிருந்தது. "இஞ்சருங்கோ, லொபியை நேர காட்டுங்கோ" என்றாள். லிப்டில் இணைப்பு அறுந்துவிடும் என்று படியால் இறங்கிப் போய்க் காட்டினேன். வாழையிலிருந்து கோலம்வரை ஒவ்வொன்றாகக் கிட்டக் காட்டச் சொல்லிப் பார்த்தாள்.

"தோரணத்துக்கு ஆர் கதிரை பிடிச்சது?"

"ஒருத்தரும் பிடிக்கேல்ல. ஸ்டூலில ஏறித்தான் கட்டினனான்."

"விழுந்திருந்தால் என்ன செய்திருப்பியள்?" குரல் உடைந்தது. விடிய வேலை என்று போனை வைத்தாள்.

லீவு முடிந்து எல்லோரும் திரும்பி வந்தபோது இலைகள் காய்ந்து சுருண்டிருந்தன. வந்தவர்கள் "படம் பாத்தம், நல்லாயிருந்தது" என்றபடி பெட்டிகளை உருட்டிக்கொண்டு லிப்டுக்குள் போனார்கள். கெட்ட மணம் வருவதற்கு முன் கழற்றிவிடும்படி டொக்டர் அம்மா சொன்னார். ஒரு பின்னேரம் வாழைகளை அவிழ்த்து, துண்டாக வெட்டி, குப்பை லொறி வரும் இடத்தில் வைத்தேன். கோலத்தின் அரிசிமா ஓடுகளின் இடுக்கில் ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தும் போகவில்லை. பழைய பல்துலக்கி ஒன்றை எடுத்துவந்து, குந்தியிருந்து தேய்க்கத் தொடங்கினேன்.