மூடி வைத்த தட்டு

பிலவேந்திரன் தன் மனைவியின் போனைத் திறந்தது கேஸ் சிலிண்டருக்குப் பதிவு போடத்தான். செபஸ்தியம்மாள் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. சிலிண்டர் இணைப்பு அவள் எண்ணில் இருந்ததால் அந்தப் போனை அணைக்காமல் வைத்திருந்தார்கள். கண்ணாடி போடாமல் தடவியதில் விரல் யூடியூபில் பட்டுவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்து நின்றது. அதன் அடியில் சிவப்புக் கோடு பாதித் தூரம் ஓடி நின்றிருந்தது. அவள் கடைசியாக நிறுத்திய இடம்.

அந்தப் படத்தை அவர் முழுசாகப் பார்த்ததில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அதைப் பற்றி அவள் சொல்லிக் கேட்டிருக்கிறார். பெரிய நடிகர்கள் இல்லாத, ஓடாத படம். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் போடுவார்கள். அன்றைக்கு அவள் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். “இந்த ஒரு படத்த மட்டும் எங்கூட உக்காந்து பாருங்க” என்று பல தடவை கேட்டிருக்கிறாள். அவர் ஓய்வு பெற்ற பிறகும் ஒரு தடவை கேட்டாள். பத்து நிமிடம் உட்கார்ந்தார். யாரோ பட்டாவில் சந்தேகம் என்று வாசலில் கூப்பிட்டார்கள். எழுந்து போனவர் படம் முடிந்த பிறகுதான் உள்ளே வந்தார்.

பிலவேந்திரன் முப்பத்துநாலு வருடம் அரசாங்க சர்வேயராக இருந்தவர். சிங்கம்புணரி, இளையான்குடி, ஒக்கூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரைகள் என்று வெயிலில் சங்கிலி போட்டு அளந்தவர். அண்ணனும் தம்பியும் அரிவாளோடு நிற்கும் வரப்பில்கூட நிதானமாக நடுவில் நின்று கல் நட்டுக் கொடுப்பார். லஞ்சத்துக்குக் கை நீட்டமாட்டார், குடிக்கமாட்டார், வீட்டில் ஒரு சொல் உரக்கப் பேசமாட்டார். காரைக்குடி செக்காலையில் வீடு. திங்கட்கிழமை காலையில் பையோடு கிளம்பினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவார். சில வாரம் வெள்ளிக்கிழமை வரமாட்டார். மறுநாள் மத்தியானம் வருவார். வேலை அப்படி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்குச் சிலிண்டரை மறந்துவிட்டு அந்தப் படத்தை ஆரம்பத்திலிருந்து போட்டார்.

சின்னத் துறைமுகம் ஒன்றில் புயல் கூண்டு ஏற்றுகிற ஒருவன்தான் கதாநாயகன். கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அவனிடம் வந்து காற்று எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள். சொல்கிறான். கேட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். நீ சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்பதில்லை. சினேகிதன் ஒருவன் வருவதாகச் சொன்ன நாளில் மீன் வாங்கிக் குழம்பு வைத்து, இரண்டு தட்டு போட்டுக் காத்திருக்கிறான். சினேகிதன் வரவில்லை. தன் தட்டில் சாப்பிட்டுவிட்டு இன்னொன்றை மூடி வைக்கிறான். காலையில் அந்தப் பழைய சோற்றையும் அவனே உட்கார்ந்து சாப்பிடுகிறான். அவன் முகத்தில் கோபமே இல்லை.

 அந்த இடத்தில் பிலவேந்திரனுக்குச் சிங்கம்புணரியில் வாடகை அறையில் ஸ்டவ் பற்றவைத்துத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்ட நாட்கள் ஞாபகம் வந்தன. ஊரெல்லாம் அவரிடம் வந்து என் நிலம் எதுவரை என்று கேட்டது. கேட்டுக்கொண்டு போனது. இது என் கதை என்று நினைத்தார். அவள் இந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு இருந்ததற்குக் காரணமும் புரிந்தது போல் இருந்தது. புருஷன் வெளியூரில் படும் பாட்டை அவள் இதில் பார்த்திருக்கிறாள். வாயால் சொல்லத் தெரியாமல் ‘வந்து பாருங்க’ என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

அவள் போன பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதார். அழுது முடித்தபோது மனது லேசாக இருந்தது. தன்னை ஒருத்தி முழுசாகப் புரிந்து வைத்திருந்தாள் என்ற எண்ணம் அவரைத் தாங்கியது. அடுத்த ஆறேழு வாரமும் பெரும்பாலான நாட்களில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் படத்தைப் போட்டார். தெருவில் பார்த்தவர்கள், முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது என்றார்கள்.

ஆண்டு நினைவுப் பூசைக்கு இரண்டு நாள் முன்னதாக வின்சி திருச்சியிலிருந்து வந்தாள். அங்கே நர்ஸாக இருக்கிறாள். ஒரே மகள். மறுநாள் மத்தியானம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டார். மூடி வைத்த தட்டு வந்ததும் திரையைக் காட்டினார்.

“இதப் பாக்கும்போதெல்லாம் உங்கம்மா என்னயத்தான் நினச்சிருக்கா” என்றார்.

வின்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடியும் அதையே சொன்னார். அவள் போனை வாங்கிப் படத்தை நிறுத்தினாள்.

“இல்லப்பா. அம்மா தன்னயத்தான் சொன்னாக.”

அவருக்கு விளங்கவில்லை. வின்சி குனிந்தபடியே மெதுவாகச் சொன்னாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா மீனோ கருவாடோ வாங்கிக் குழம்பு வைப்பாள். மகளுக்குப் போட்டுவிட்டு இரண்டு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடைசி பஸ்ஸிலும் அவர் வராவிட்டால் ஒரு தட்டை மூடி வைப்பாள். மறுநாள் காலையில் மகளுக்கு இட்லி ஊற்றிக் கொடுத்துவிட்டு, தான் அந்தச் சோற்றைச் சாப்பிடுவாள். டிவியில் இந்த இடம் வரும்போது, “இந்தா பாரு, படத்துல நான் வந்துட்டேன்” என்று மகளிடம் சிரிப்பாள்.

“சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாக. நானும் சின்னப்பிள்ளையில கூடச் சேந்து சிரிச்சிருக்கேன்” என்றாள் வின்சி.

பிலவேந்திரன் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். பிறகு தான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். சிங்கம்புணரியிலிருந்து காரைக்குடிக்குப் பஸ் இல்லாத வெள்ளிக்கிழமையே கிடையாது. வேலை இல்லாத வெள்ளிக்கிழமைகளும் நிறைய உண்டு. அறையில் கூட இருந்தவர்களோடு சீட்டு விளையாடிக்கொண்டு, கதை பேசிக்கொண்டு தங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்தால் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரிந்ததே இல்லை. அங்கே இருப்பது சுலபமாக இருந்தது.

“அம்மாவுக்குத் தெரியும்பா” என்றாள் வின்சி. “மருதுபாண்டி மாமா ஒரு தடவ வாய் தவறிச் சொல்லிட்டாக.”

மருதுபாண்டி அவரோடு அறையில் இருந்தவர், அளவைச் சங்கிலி பிடிக்கும் சங்கிலிக்காரர். அவர் செத்தே பன்னிரண்டு வருடம் ஆகிறது. அத்தனை காலமும் தெரிந்துகொண்டுதான் அவள், வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து, வேலை சாஸ்தியா என்று கேட்டிருக்கிறாள். அவரும் ஆமாம் என்றிருக்கிறார்.

பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. சொந்தக்காரர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். செபஸ்தியம்மாளின் அண்ணன் இமானுவேல் எழுந்து நாலு வார்த்தை பேசினார். என் தங்கச்சி கொடுத்துவைத்தவள், மச்சான் ஒரு நாள் அவளைக் கடிந்து பேசியதில்லை என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அதுவரை சபையில் பேசியே அறியாத பிலவேந்திரன் எழுந்து நின்றார்.

“நான் அவளத் தனியா விட்டுட்டேன்” என்றார். “வர முடிஞ்ச அன்னிக்கும் வராம இருந்தேன். அவ காத்துக்கிட்டு இருந்திருக்கா.”

 இமானுவேல் ஓடிவந்து கட்டிக்கொண்டார். பெண்கள் அழுதார்கள். பொண்டாட்டி போன துக்கத்தில் மனுஷன் தன்னையே பழி போட்டுக்கொள்கிறார், எவ்வளவு பாசம் பாருங்கள் என்று பேசிக்கொண்டார்கள். அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டவர் அங்கே ஒருவரும் இல்லை, வின்சியைத் தவிர. அவர் மறுபடியும் சொல்ல வாயெடுத்தார். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார்கள்.

கிளம்பும்போது வின்சி தன்னோடு வரச் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் மறுத்தார். ஒன்று மட்டும் கேட்டார். வாரம் ஒரு தடவை கூப்பிட்டு அம்மாவைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதையாவது சொல்லச் சொன்னார்.

அதன்படி ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் பிறகு வின்சி கூப்பிடுவாள். அம்மாவுக்கு இடி என்றால் பயம் என்று ஒரு வாரம் சொன்னாள். கொல்லைப்புறச் சந்தில் சைக்கிள் பழகி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டதை ஒரு வாரம். பள்ளிக்கூடத்தில் நாடகத்தில் ராஜா வேஷம் போட்டுக் கைதட்டல் வாங்கியதை ஒரு வாரம். ஜவுளிக்கடையில் ஊதா நிறச் சேலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவருக்குப் பிடிக்காது என்று வைத்துவிட்டு வந்ததை ஒரு வாரம். ஊதா பிடிக்காது என்று தான் எப்போது சொன்னோம் என்று அவருக்கு நினைவே இல்லை. கேட்டதையெல்லாம் அடுத்த ஞாயிறு வரை திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருப்பார். முப்பத்துமூன்று வருடம் கூட வாழ்ந்தவள் இப்போதுதான் அவருக்கு அறிமுகமாகிக்கொண்டிருந்தாள்.

இப்படி ஏழு மாதம் போனது. போன ஞாயிற்றுக்கிழமை வின்சி கூப்பிட்டாள். சாப்பிட்டீகளா, மாத்திரை போட்டீகளா என்று விசாரித்தாள். அவர் பதில் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். 

“அவ்வளவுதாம்பா” என்றாள். “எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லிட்டேன்.”

“சரித்தா” என்றார் பிலவேந்திரன்.

அவள் வைத்த பிறகும் அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.