பேஸ் கிட்டாரின் கழுத்தில் ஒரு பித்தளைத் தகடு

சர்ச் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் வேலை மாறிக் கோயமுத்தூருக்குப் போய்விட்டார். எனக்குச் சாதாரண கிட்டார் கொஞ்சம் தெரியும் என்பதால் அது என் கைக்கு வந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அப்போது நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன்.

அந்தக் கிட்டாரில் கம்பியைத் தட்டினால் ஒலி வரும், வந்த வேகத்தில் செத்துவிடும். புதுக் கம்பி போட்டும் பயனில்லை. பாட்டின் முடிவில் நீண்டு நிற்க வேண்டிய சுரத்தை இரண்டு மூன்று முறை தட்டி ஒப்பேற்றினேன்.

எங்கள் கம்பெனியின் நிட்டிங் மெஷின்களைப் பார்த்துக்கொண்ட ஃபிட்டர் வெள்ளகோவில்காரர். பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று அறிய, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை மெஷின்மேல் வைத்துக் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கிட்டாரை அவரிடம் கொண்டுபோனேன்.

"அண்ணே, இதையும் அப்படிக் கேட்டுப் பாருங்களேன்."

"நான் இதையெல்லாம் தொட்டதே இல்லீங்க. சரி, தட்டுங்க."

நான் தட்டத் தட்ட, அவர் ஒவ்வோர் இடமாக வைத்துக் கேட்டார். கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் நிறுத்தினார்.

"சத்தம் இந்த ஜாயிண்ட்டத் தாண்டலீங்க. கழட்டட்டுங்களா?"

கழுத்து உட்காரும் குழியில் யாரோ உயரத்துக்காக மடித்து வைத்த அட்டை, நைந்து பஞ்சாகிக் கிடந்தது. அவர் குழியிலிருந்த பெயிண்ட்டைச் சுரண்டி, மெல்லிய பித்தளைத் தகட்டை அளவாக வெட்டி அட்டை இருந்த இடத்தில் வைத்து, நான்கு திருகுகளையும் இறுக்கினார். கம்பிகளை மாட்டித் தட்டினேன். ஒலி சாகாமல் நீண்டு நின்றது. என் விலா எலும்பில் அதன் அதிர்வு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை குழுத் தலைவர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார். "உன் சத்தம் அடுத்த வரியில வந்து விழுதும்மா. நிப்பாட்டு."

எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. அதுவரை அது தானாகவே நின்றுகொண்டிருந்ததால், கற்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இடது கை விரல்களால் கம்பியை லேசாகத் தொட்டு ஒலியை அணைக்கப் பழக இரண்டு மாதம் ஆனது.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஃபிட்டர் அண்ணனை அழைத்திருந்தேன். வெள்ளை வேட்டி கட்டி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பாட்டின் முடிவில் ஒரே தட்டில் அந்தச் சுரம் பாடகர்களின் மூச்சு தீரும்வரை நின்றது. வெளியே வந்ததும் கேட்டேன்.

"எப்படிண்ணே இருந்துச்சு?"

"என்னமோ ஒண்ணு லேசா அதிருதுங்க. திங்கக்கெழம கிட்டார எடுத்துட்டு வாங்க."

எடுத்துப்போனேன். ஸ்க்ரூ டிரைவரை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, கிட்டாரில் குறை எதுவும் இல்லை என்றார். அன்று சாயங்காலமே சர்ச்சுக்கு வந்து, என் கிட்டாரை இணைக்கும் ஸ்பீக்கர் பெட்டியின் பின்பலகையில் தளர்ந்திருந்த ஒரு திருகை இறுக்கிவிட்டுப் போனார்.