ஹேசலுக்குத் தெரிந்த தமிழ்

மலாய் நாட்டு மலையில், ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வந்து பிலோமி வீடு எது என்று கேட்டால் லயத்து வரிசை வீடுகளில் இரண்டு பேர் யோசிப்பார்கள். நாய்க் கங்காணி வீடு எது என்று கேட்டால் தவழுகிற பிள்ளைகூடக் கையை நீட்டும். ஆட்களை மேய்ப்பவருக்குக் கங்காணி என்று பெயர் இருக்கும்போது நாயை மேய்ப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? பிலோமிக்கு அதில் கோபமே கிடையாது. “எங்கம்மா முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து வெட்டினாங்க, ஒரு பட்டமும் கிடைக்கல. எனக்கு ஆறே மாசத்துல கொடுத்துட்டாங்க லா” என்று சிரிப்பாள்.

தோட்டத்து எல்லை முடிகிற குன்றின்மேல் ஒரு விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. ராட்டினம், கம்பியில் தொங்கிக்கொண்டு போகும் நாற்காலி, போதாததற்குக் கண்ணாடிக் கொட்டகைக்குள் செயற்கைப் பனி. விடிந்தால் போர்வையை விட்டு வெளியே வர மனமில்லாத ஊரில், பனியில் விளையாட ஏன் வரிசையில் நிற்கிறார்கள் என்பது லயத்து ஆட்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த வரிசையின் முன்னால் நிற்பவள்தான் பிலோமி. கையில் வார். வாரின் மறுமுனையில் ஹேசல்.

ஹேசல் மஞ்சள் நிற லாப்ரடார் நாய். அந்தப் பெயர் லயத்துக்குள் நுழைந்ததும் ‘ஏசல்’ ஆகிவிட்டது. அது யாரையும் ஏசி ஒருவரும் கேட்டதில்லை, குரைப்பதுகூட அபூர்வம். அதற்குக் கற்றுக்கொடுத்திருந்த வேலையே சத்தம் போடாத வேலை. வருகிறவர்கள் நுழைவாயிலில் மஞ்சள் கோட்டின்மேல் பைகளை வைத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் நிற்க வேண்டும். ஹேசல் பைகளை மோந்துகொண்டே போகும். வெடிமருந்து வாடை எதிலாவது பட்டால் அதன் முன்னால் பேசாமல் உட்கார்ந்துவிடும். அது உட்கார்ந்தால் பிலோமி வலது கையைத் தூக்க வேண்டும். கை உயர்ந்தால் பூங்கா காலியாக வேண்டும்.

இந்த வேலைக்கு அவள் வந்தது சுகுமாரன் சாரால். பூங்காவின் பாதுகாப்புத் தலைவர், பழைய பட்டாளத்துக்காரர். கணவர் தவறிப்போன வருடம் பிலோமி தோட்டத்துத் தேநீர்க் கடையில் கார் நிறுத்துமிடத்துக் காவலுக்கு நின்றாள். அங்கே தேநீர் குடிக்க வந்த சுகுமாரன், ஒரு விசில்கூட ஊதாமல் நாலு தெருநாய்களை அவள் ஓரமாகப் படுக்கவைத்ததைப் பார்த்தார். மறுவாரமே கூப்பிட்டனுப்பினார். அன்றிலிருந்து பிலோமியின் இரவு ஜெபத்தில் அம்மாவுக்கு அடுத்து சுகுமாரன் சார் பெயர்தான் வரும். அந்த மனிதருக்கு இது தெரியாது. தெரிந்தால் கூச்சத்தில் நெளிவார்.

கோலாலம்பூரிலிருந்து மகேஸ்வரன் என்ற பயிற்சியாளர் வந்து மூன்று வாரம் சொல்லிக்கொடுத்தார். அவருடைய முதல் சட்டம், நாயிடம் ஆங்கிலம் மட்டும். “நாய்க்கு ஒரு மொழி போதும். நாலு மொழி பேசியும் புரியாம இருக்கறது மனுஷங்கதான்” என்றார். பிலோமி தலையை ஆட்டினாள். வாசலில் நிற்கும்போது அப்படியே நடந்தாள். ‘சிட்’, ‘ஸ்டே’, ‘குட் கேர்ள்’ எல்லாம் பள்ளிக்கூடத்து ஒப்புவிப்பு மாதிரி வரும்.

ஆனால் காலையில் கூண்டைக் கழுவும்போது யார் கேட்கப்போகிறார்கள்? “வாடி தங்கம், ராத்திரி குளிர்ந்துச்சா? இந்தா, உக்காரு, தின்னு. மெதுவா தின்னு, யாரும் பிடுங்கிட்டுப் போகல.” பேசாமல் சோறு போடுவது அவளுக்கு வராது. வாயை மூடிக்கொண்டு ஒரு உயிருக்குத் தட்டை நீட்டுவது என்ன பழக்கம் என்பாள். சட்டம் போடுகிறவர்கள் சோறு போடுவதில்லை, அதனால்தான் அவர்களுக்கு இதெல்லாம் தெரிவதில்லை.

ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நாயின் ஈரம் படக்கூடாது என்று மதத்தில் கட்டுப்பாடு உள்ள மலாய்க் குடும்பங்கள் வந்தால் அதன் மூக்கு யார்மேலும் படாதபடி வாரைக் குறுக்கிப் பிடிப்பாள். பயப்படுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி ஒதுங்கி நிற்க வைப்பாள். போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

பிறகு அந்தத் தீபாவளி விடுமுறை வந்தது.

ரிங்லெட்டிலிருந்தே கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. தூறல் வேறு. மஞ்சள் கோட்டில் ஒரே சமயத்தில் முப்பது பைகள். ஈப்போவிலிருந்து சீதா என்ற இளம்பெண் ஐந்து வயது மகள் மலரோடு வந்திருந்தாள். மலர் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டுவதும் திரும்புவதுமாக இருந்தாள். ஹேசல் வரிசையாக மோந்துகொண்டு வந்து, சீதாவின் நீலப்பைக்கு முன்னால் உட்கார்ந்தது.

ஒன்றரை வருடத்தில் பயிற்சிக்கு வெளியே அது உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பிலோமி கையைத் தூக்கினாள்.

ராட்டினம் நின்றது. ஆயிரக்கணக்கான பேர் தூறலில் கார் நிறுத்துமிடத்துக்குப் போனார்கள். பை யாருடையது என்று தெரிந்ததும் சீதாவைச் சுற்றி ஒரு வட்டம் காலியாகிவிட்டது. பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட அவளை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே விலகினார்கள். மலர் அழ ஆரம்பித்தாள்.

பிலோமி நாயைக் கூண்டில் விட்டுவிட்டு நேராகச் சீதாவையும் பிள்ளையையும் உட்கார வைத்திருந்த காவல் கொட்டகைப் பெஞ்சுக்கு வந்தாள். தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பிள்ளைமேல் போர்த்தி மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். “என் நாய் பொய் சொல்லாதும்மா. ஆனா உங்க முகமும் பொய் சொல்லல. என்னமோ நடந்திருக்கு. பயப்படாதீங்க, நான் இங்கதான் இருப்பேன்” என்றாள். மலைக்குக் கீழேயிருந்து வெடிகுண்டு நிபுணர்கள் வந்து பையைத் திறக்க மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை அவள் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

பையில் ஒரு டின் முறுக்கும், பிள்ளைக்கு மாற்றுச் சட்டையும், ஒரு குடையும் இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று பையைச் சோதனைக்கு எடுத்துப்போனார்கள். அதிலும் ஒன்றும் அகப்படவில்லை.

ஒன்றும் இல்லாததற்கு உட்காரும் நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மேலிடம் கேட்டது. நியாயமான கேள்விதான். ஹேசலைத் திருப்பி அனுப்புவது என்று முடிவானது. திங்கட்கிழமை வேன் வரும். சுகுமாரன் தானே கூண்டுக்கு வந்து சொன்னார். “உன்மேல குத்தம் இல்ல பிலோமி. நாய்க்குத்தான் மூக்கு கெட்டுப்போச்சு. அடுத்த மாசம் புது நாய் வரும், நீயே பார்த்துக்கலாம்.”

“இது எங்க சார் போவும்?”

வேலைக்கு ஆகாத நாய்களை யாரும் அதிக நாள் வைத்துக்கொள்வதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அந்த வாரம் முழுக்க பிலோமிக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சீதா பையை வாங்கிக்கொள்ள மகளோடு மறுபடி மலையேறி வந்தாள். ஹேசலைக் கடைசித் தடவையாக நடக்கக் கூட்டிப்போன பிலோமி, அலுவலக வாசலில் அவர்களைக் கண்டு நின்றாள். உள்ளே சுகுமாரன் கையெழுத்துக்குப் படிவம் தேடிக்கொண்டிருந்தார். சீதா கைப்பையில் எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். மலர் பெஞ்சின்மேல் ஏறிக் குதித்தாள்.

“மலர், உக்காரு” என்றாள் சீதா, நிமிராமலே.

ஹேசல் உட்கார்ந்தது.

உட்கார்ந்து பிலோமியின் கையைப் பார்த்தது. வெடிமருந்தைக் கண்டால் அது பையைப் பார்க்கும். கையைப் பார்ப்பது சோற்றுத்தட்டுக்காக. தீபாவளி அன்றும் அது தன் கையைத்தான் பார்த்தது என்பது பிலோமிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாயின் மூக்கு கெடவில்லை. அவள் வாய்தான் கெட்டிருந்தது.

வேறு யாரும் இதைப் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். நாளை வேன் வரும், அடுத்த மாதம் புது நாய் வரும், நாய்க் கங்காணி நாய்க் கங்காணியாகவே இருப்பாள். சொன்னால், சட்டத்தை மீறியவள் அவள். திரும்பவும் கார் நிறுத்துமிடத்துக்குத்தான். ஹேசல் இன்னும் தட்டுக்காகக் காத்திருந்தது.

அவள் உள்ளே போனாள். “சார், தப்பு நாய் மேல இல்ல. என் மேல.”

எல்லாவற்றையும் சொன்னாள். கூண்டில் பேசிய தமிழ், தட்டு வைக்கும்முன் தினமும் சொன்ன அந்தச் சொல், இப்போது வாசலில் நடந்தது, எல்லாம். சுகுமாரன் எழுந்து வந்து ஹேசல் முன்னால் நின்று, “உக்காரு” என்றார். உட்கார்ந்தது. எழுப்பிவிட்டு இன்னொரு தடவை சொன்னார். மறுபடியும் உட்கார்ந்தது. அவர் மேசைக்குத் திரும்பி தீபாவளி அன்று எழுதிய அறிக்கையைப் புரட்டினார்.

“இந்த அம்மா அன்னிக்கே என்கிட்ட சொன்னாங்க, பிள்ளைய உக்காரச் சொன்னேன்னு. நான் தமிழ்ல கேட்டேன், மலாய்ல எழுதினேன். ‘உக்காரு’க்கு ‘டூடோக்’னு. இதப் படிச்சவங்க, நாய்க்கு டூடோக் தெரியாது, சம்பந்தமே இல்லன்னுட்டாங்க.” நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “என் கையாலயே அந்த வார்த்தைய அழிச்சிருக்கேன் பாரு.”

பிறகு குரல் மாறியது. “நாய் தப்பிச்சிருச்சு. ஆனா நீ ரூல்ஸ் மீறியிருக்க. மேனேஜர்கிட்ட நான் மறைக்க முடியாது பிலோமி.”

“மறைக்க வேணாம் சார்.”

சீதா இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபப்பட எல்லா உரிமையும் இருந்தது. அத்தனை பேர் முன்னால் குற்றவாளி மாதிரி நின்றவள் அவள், அதுவும் யாரோ ஒருத்தி நாயிடம் கொஞ்சியதற்காக. அவள் சுகுமாரனிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள்.

“மேனேஜருக்குக் கொடுங்க. எனக்கு எந்தப் புகாரும் இல்லன்னு எழுதறேன். எல்லாரும் என்னைப் பார்த்து ஓடினப்போ இந்த அக்கா மட்டும் வந்து என் பிள்ளைய மடியில வச்சுக்கிட்டாங்க. பையில என்ன இருக்குன்னு அவங்களுக்கும் அப்போ தெரியாது. அவங்க வேலை போச்சுன்னா, நான் எழுதற புகாரு அதுக்காகத்தான் இருக்கும்.” முழுப்பக்கம் எழுதினாள். பிலோமி மலருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

மேனேஜர் அந்தத் தாளை இரண்டு முறை படித்ததாகச் சுகுமாரன் பிற்பாடு சொன்னார். வேன் திருப்பி அனுப்பப்பட்டது. பிலோமிக்கு எச்சரிக்கைக் கடிதம், மூன்று மாதம் வாசல் வேலை கிடையாது, நாய்க்கு மறுபயிற்சி, முடிவில் பரீட்சை. அதில் தவறினால் இருவருக்கும் வேலை போகும். “இனிமே அந்தத் தமிழ் வேணாம், புரியுதா?” என்றார் சுகுமாரன். புரிந்தது என்றாள்.

மறுபயிற்சியில் மற்றவர்கள் ‘உக்காரு’ என்று சொல்லிப் பழக்கினார்கள், உட்கார்ந்தாலும் தட்டு வரவில்லை. மூன்று மாதமும் பிலோமி ஒரு விரதம் மாதிரி இருந்தாள். கூண்டைக் கழுவினாள், வாயைத் திறக்கவில்லை. தட்டு வைத்தாள், வாயைத் திறக்கவில்லை. ஹேசல் தலையைச் சாய்த்துச் சாய்த்து அவள் முகத்தைப் பார்க்கும். என்ன தப்பு செய்தேன் என்று கேட்பது போலிருக்கும். பிலோமி திரும்பிக்கொள்வாள். வீட்டில் அம்மா, “என்னடி, கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டியா, இப்படி ஊமையா இருக்கே?” என்று கேட்டபோதுகூடக் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவாள்.

பரீட்சை நாளன்று மகேஸ்வரன் வந்தார். மஞ்சள் கோட்டில் இருபது பைகள், ஒன்றில் மட்டும் வெடிமருந்துப் பொட்டலம். இரண்டு பக்கமும் பூங்காவின் தமிழ் ஆட்கள், ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பேர். ஹேசல் நடக்க நடக்க ஒவ்வொருவரும் “உக்காரு, உக்காரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எல்லோரிலும் உரத்த குரல் சுகுமாரனுடையது. பட்டாளத்துக் குரல், மலைச்சரிவே உட்கார்ந்திருக்கும்.

ஹேசல் காதைக்கூட ஆட்டவில்லை. பதினாலாவது பைக்கு முன்னால் நின்றது, மோந்தது, உட்கார்ந்தது. பையைப் பார்த்தது.

மகேஸ்வரன் பையைத் திறந்து பொட்டலத்தைக் காட்டினார். கைதட்டினார்கள். பிலோமி மண்டியிட்டு ஹேசலின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “குட் கேர்ள்” என்றாள். அதற்குமேல் சொல்ல எவ்வளவோ முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

“ஏன் லா பொம்பளை, மூணு மாசமா பார்க்கறேன், அதுகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்கற. கோவமா?” என்றார் சுகுமாரன்.

“நீங்கதானே சார் தமிழ் வேணாம்னு சொன்னீங்க?”

சுகுமாரன் தலையில் அடித்துக்கொண்டார். “அட பாவமே. ‘உக்காரு’ங்கற அந்த ஒரு வார்த்தையத்தான் லா சொன்னேன். மத்தத் தமிழ் பூரா உன்னுதுதான், பேசு.”

பிலோமி அழுதாள், சிரித்தாள், இரண்டும் ஒன்றாக வந்தது. “சார், நீங்க நல்லா இருக்கணும்” என்றாள். பிறகு ஹேசலின் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டு, மூன்று மாதத்து ராத்திரி எவ்வளவு குளிர்ந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தாள். சாப்பாட்டு மணி அடித்த பிறகும் அவள் பேசி முடிக்கவில்லை.